புதிய பருவத்தை நோக்கி: மைக்கேல் ஜோர்டானின் 1995ஆம் ஆண்டுக் கோடை

முன்னுரை

விளையாட்டு வீரர்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அவர்களுடைய வெற்றி நாள்களையே எழுதுகின்றனர். கோப்பை கைக்கு வந்த நாள், கடைசி நொடியில் பந்து கூடைக்குள் விழுந்த நாள், மக்கள் தோளில் தூக்கி ஆடிய நாள் ஆகியவையே ஏடுகளில் இடம்பெறுகின்றன. ஒரு பருவம் முடிந்து அடுத்த பருவம் தொடங்கும் வரையில் அந்த வீரர் எங்கிருந்தார், என்ன செய்தார், எதை எண்ணிக் கவலையுற்றார் என்று கேட்பவர் சிலரே. அந்த இடைக்காலத்தில் அரங்கின் விளக்குகள் அணைந்திருக்கும். கைதட்ட ஆள் இருக்காது. ஆயினும் வரவிருக்கும் வெற்றியோ தோல்வியோ பெரும்பாலும் அந்த நாள்களில்தான் உருவாகிறது.

இக்கருத்தை ஆராய்வதற்கு அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டானின் வாழ்வில் ஒரு கோடைக்காலம் நல்ல சான்றாக அமைகிறது. 1995ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் அவருடைய அணி தோற்று வெளியேறியது. அதே ஆண்டு நவம்பர் 3ஆம் நாள் புதிய பருவம் தொடங்கியது. இடைப்பட்டவை 169 நாள்கள். அந்த 169 நாள்களே இக்கட்டுரையின் பொருள்.

தொழில்முறைப் பருவத்தின் அமைப்பு

நம் கல்லூரி ஆடுகளத்தில் கூடைப்பந்து ஆடுவோர்க்கு ஆட்டத்தின் விதிகள் தெரியும். ஆனால் அமெரிக்கத் தொழில்முறைக் கழகமான என்.பி.ஏ.வின் பருவம் எத்துணை நீண்டது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். அங்கு ஓர் ஆட்டம் 12 நிமிடங்கள் கொண்ட நான்கு கால்பகுதிகளாக 48 நிமிடம் நடக்கும். ஒவ்வோர் அணியும் இலையுதிர் காலம் தொடங்கி ஏப்ரல் வரை 82 ஆட்டங்கள் ஆட வேண்டும். அவற்றுள் பாதி சொந்த ஊரில், மறுபாதி வெளியூர்களில். இன்று ஓர் ஊர், நாளை மறுநாள் மற்றோர் ஊர் என விமானத்திலும் விடுதியிலுமாக ஏறத்தாழ ஆறு மாதம் கழியும்.

அதன்பின் தேர்ச்சி பெற்ற அணிகளுக்கிடையே வெளியேற்றச் சுற்றுகள் நடைபெறும். 1995இல் முதற்சுற்றில் மூன்று ஆட்டங்களையும், அடுத்தடுத்த சுற்றுகளில் நான்கு ஆட்டங்களையும் முதலில் வெல்லும் அணியே முன்னேறும். இறுதி வரை செல்லும் அணி ஜூன் மாதம் வரை ஆட வேண்டியிருக்கும். ஓட்டமும் தாவலும் நிறைந்த இவ்வாட்டத்தை இத்தனை முறை ஆடுவதற்கு உடல் தாங்க வேண்டும். பருவம் தொடங்கிய பிறகு உடலை உருவாக்கிக்கொள்ளலாம் என்றால் அதற்கு நேரமிராது. ஆகவே கோடை விடுமுறை என்பது தொழில்முறை வீரருக்கு ஓய்வுக் காலமும் ஆகும். விதைப்புக் காலமும் ஆகும்.

முன்கதை

1963இல் பிறந்த ஜோர்டான், வட கரோலினா மாநிலத்தின் வில்மிங்டன் நகரில் வளர்ந்தவர். 1984இல் சிக்காகோ புல்ஸ் அணியில் சேர்ந்தார். 1991, 1992, 1993 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தொடர்ந்து அவ்வணி கோப்பையை வென்றது. அவருடைய புகழ் உச்சியில் இருந்த வேளையில், 1993 ஜூலையில், அவருடைய தந்தை ஜேம்ஸ் ஜோர்டான் கொலையுண்டார். அவ்வாண்டு அக்டோபரில் தம் முப்பதாம் வயதில் ஜோர்டான் கூடைப்பந்திலிருந்து ஓய்வு பெற்றார்.

அடுத்த ஆண்டு அவர் பேஸ்பால் ஆடச் சென்றார். தம் மகன் அந்த ஆட்டத்தை ஆட வேண்டும் என்பது தந்தையின் நெடுநாள் விருப்பம். பர்மிங்ஹாம் பேரன்ஸ் என்னும் இரண்டாம் நிலை அணியில் 127 ஆட்டங்கள் ஆடினார். அங்கு அவர் அடித்த விகிதம் .202. அதாவது, மட்டை பிடித்த ஐந்து வாய்ப்புகளில் ஏறத்தாழ ஒன்றில்தான் பந்தை வெற்றியுற அடித்தார். உலகம் போற்றிய வீரர் மற்றோர் ஆட்டத்தில் சாதாரணராய் நின்றார். 1994 ஆகஸ்டில் பேஸ்பால் வீரர்களின் வேலைநிறுத்தம் தொடங்கியது. வேலைநிறுத்தம் செய்வோர்க்குப் பதிலாள் ஆக அவர் விரும்பவில்லை. 1995 மார்ச்சில் அவ்வாட்டத்தை விட்டு விலகினார்.

மார்ச் 18ஆம் நாள் தாம் திரும்பிவிட்டதாக ஆங்கிலத்தில் இரண்டே சொற்களில் ஓர் அறிக்கை வெளியிட்டார். மறுநாளே இண்டியானாபோலிஸ் நகரில் களமிறங்கினார்.

பதினேழு ஆட்டங்கள்

அந்த முதல் ஆட்டத்தில் அவர் கூடையை நோக்கி எறிந்தவை 28, விழுந்தவை 7. ஆனால் பத்து நாள்களுக்குள் நியூயார்க் நகரின் மேடிசன் சதுக்க அரங்கில் 55 புள்ளிகள் எடுத்தார். நாடு முழுவதும் ஆரவாரம் எழுந்தது. பழைய ஜோர்டான் வந்துவிட்டார் என்றனர் மக்கள்.

உண்மை நிலை வேறு. அப்பருவத்தில் அவர் ஆடிய 17 ஆட்டங்களையும் சேர்த்துப் பார்த்தால், களத்திலிருந்து எறிந்த பந்துகளில் நூற்றுக்கு 41.1 மட்டுமே கூடைக்குள் சென்றன. ஓய்வுக்கு முந்தைய 1992-93ஆம் பருவத்தில் இது 49.5. ஒரு நாள் பெய்யும் பெருமழை ஆண்டின் விளைச்சலைச் சொல்லாது. அதுபோல் ஒரு நாளின் 55 புள்ளிகள் அவருடைய ஆட்டத்தின் உண்மை நிலையைச் சொல்லவில்லை.

எனினும் அவர் வருகைக்கு முன் 34 வெற்றி, 31 தோல்வி என்றிருந்த புல்ஸ் அணி, அவர் ஆடிய 17 ஆட்டங்களில் 13ஐ வென்று வெளியேற்றச் சுற்றை அடைந்தது. முதற்சுற்றில் சார்லட் அணியை வீழ்த்திற்று. இரண்டாம் சுற்றில் எதிரே வந்தது ஆர்லாண்டோ மேஜிக் அணி. ஷகீல் ஓ'நீல், பென்னி ஹார்டவே என்னும் இரு இளைஞர்கள் அதன் தூண்கள். புல்ஸ் அணியில் ஜோர்டானுடன் மூன்று கோப்பைகளை வென்ற ஹொரஸ் கிராண்ட்டும் அப்போது அவ்வணியில் சேர்ந்திருந்தார்.

நாற்பத்தைந்தும் இருபத்துமூன்றும்

ஜோர்டான் தம் புகழ்க் காலத்தில் அணிந்த சட்டையின் எண் 23. அவர் ஓய்வு பெற்றபின், இனி யாரும் அதை அணியலாகாது என்று அதனைச் சிறப்பித்து அரங்கின் கூரையில் ஏற்றிவிட்டனர். ஆகவே திரும்பி வந்தவர் பேஸ்பாலில் அணிந்த 45ஆம் எண்ணுடன் ஆடினார்.

ஆர்லாண்டோவுடனான முதல் ஆட்டம் மே 7ஆம் நாள் நடந்தது. இருபது நொடிக்கும் குறைவான நேரமே எஞ்சியிருந்தது. புல்ஸ் அணி ஒரு புள்ளி முன்னிலையில் இருந்தது. பந்து ஜோர்டானின் கையில். அவர் பந்தைத் தட்டிச் செல்கையில் நிக் ஆண்டர்சன் என்பவர் பின்னாலிருந்து வந்து அதைத் தட்டிப் பறித்தார். பந்து ஹார்டவேயிடம் சென்றது, அவரிடமிருந்து கிராண்ட்டிடம் சென்றது, கூடைக்குள் விழுந்தது. அடுத்த வாய்ப்பில் ஜோர்டான் கொடுத்த பந்தும் கைமாறிப் போயிற்று. 94-91 எனப் புல்ஸ் தோற்றது. 45ஆம் எண் 23ஆம் எண்ணைப் போன்றதன்று என்னும் பொருள்படப் பின்னர் ஆண்டர்சன் கூறியது ஏடுகளில் வந்தது.

இரண்டாம் ஆட்டத்தில் யாரும் எதிர்பாராத வகையில் ஜோர்டான் 23ஆம் எண்ணுடன் களமிறங்கினார். முன்னறிவிப்பின்றி எண்ணை மாற்றியதற்காகக் கழகம் புல்ஸ் அணிக்கு அபராதம் விதித்தது. அன்று அவர் 38 புள்ளிகள் எடுத்தார்; அணி வென்றது. எண்ணை மாற்றியதும் ஆட்டம் மாறிவிட்டது என்று பலர் மகிழ்ந்தனர்.

ஆனால் நான்குக்கு இரண்டு என்னும் கணக்கில் ஆர்லாண்டோவே சுற்றை வென்றது. ஆறாம் ஆட்டம் சிக்காகோவில், புல்ஸின் சொந்த அரங்கில் நடந்தது. ஆட்டம் முடிந்ததும் கிராண்ட்டை அவருடைய புதிய தோழர்கள் அந்த மண்ணிலேயே தோளில் தூக்கினர். ஜோர்டான் பார்த்துக்கொண்டு வெளியேறினார்.

இங்குதான் நம் ஆய்வுக்குரிய பாடம் தொடங்குகிறது. சட்டையின் எண்ணை மாற்ற ஒரு நாள் போதும். அந்த எண்ணுக்குரிய ஆட்டத்தை மீட்க ஒரு கோடை முழுவதும் தேவைப்பட்டது.

முதற் கணக்கு: உடல்

தோல்விக்குப் பின் ஜோர்டான் செய்த முதற் செயல் காலம் தாழ்த்தாமை. அவருடைய உடற்பயிற்சியாளர் டிம் குரோவர். பருவம் முடிந்தபின் சில நாள் ஓய்வு கொள்வது வீரர்களின் இயல்பு. மீண்டும் எப்போது சந்திக்கலாம் என்று கேட்ட குரோவருக்கு, நாளையே என்று விடை கிடைத்தது.

இருவரும் கண்ட குறை எளிமையானது. ஜோர்டானின் உடல் கெட்டுப்போகவில்லை. வேறோர் ஆட்டத்திற்கு ஏற்றதாக மாறியிருந்தது. பேஸ்பாலில் மட்டையை வீசத் தோளும் மேலுடலும் வலிமை பெற வேண்டும். வெடித்தெழும் ஓர் அசைவுக்குப் பின் நெடுநேரம் நிற்க நேரிடும். கூடைப்பந்திலோ ஓட்டம், திடீர் நிறுத்தம், தாவல், மீண்டும் ஓட்டம் என ஓயாத இயக்கம். இதற்கான மூச்சும் கால் உறுதியும் சில வாரப் பயிற்சியின்மையிலேயே குறையத் தொடங்கும். ஏறத்தாழ இருபத்தொரு மாதம் தொழில்முறை ஆட்டமின்றி இருந்தவர் ஒரு சில நாள் பயிற்சியுடன் களமிறங்கினால், கால்கள் முதலில் ஓய்வதே இயற்கை. களைத்த காலுடன் எறியும் பந்து வளையத்தை எட்டாமல் முன்னரே தாழ்ந்துவிடும் என்பதை ஆடிப் பார்த்த எவரும் அறிவர்.

ஆகவே முப்பத்திரண்டு வயதுக்காரர் ஒருவர் தம் உடலை மறுபடியும் கூடைப்பந்து உடலாக வார்க்கத் தொடங்கினார்.

இரண்டாம் கணக்கு: ஆட்டமுறை

அக்கோடையில் அவருக்கு வேறொரு வேலையும் இருந்தது. வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்தின் 'ஸ்பேஸ் ஜாம்' என்னும் திரைப்படத்தில் நடிக்க ஒப்பந்தமாகியிருந்தார். படப்பிடிப்பு கலிபோர்னியாவில். நடிப்புக்காகப் பயிற்சியை விட்டுவிட அவர் இசையவில்லை. பயிற்சிக்கு இடம் வேண்டும் என்று கேட்டார். நிறுவனம் தன் படப்பிடிப்பு வளாகத்திலேயே முழு அளவு ஆடுகளமும் எடைப்பயிற்சிக் கருவிகளும் கொண்ட ஒரு பெரிய கூடாரத்தை எழுப்பித் தந்தது.

அதே கோடையில் ஜூலை முதல் நாள் தொடங்கிச் செப்டம்பர் வரை, சம்பள ஒப்பந்தத் தகராறால் என்.பி.ஏ. உரிமையாளர்கள் கதவடைப்புச் செய்திருந்தனர். வீரர்கள் தம் அணியின் பயிற்சிக் கூடங்களைப் பயன்படுத்த இயலாத நிலை. இந்தச் சூழலில் அந்தக் கூடாரம் பலருக்கும் ஆடுகளமாயிற்று. ஜோர்டான் பகல் முழுவதும் நடித்தார். நண்பகல் இடைவேளையில் எடைப்பயிற்சி செய்தார். மாலையில் ரெஜி மில்லர், பாட்ரிக் யூயிங் போன்ற பிற அணிகளின் முன்னணி வீரர்களுடன் இரவு வரை ஆடினார்.

இதன் நுட்பத்தை நாம் கவனிக்க வேண்டும். தம்மிலும் எளியோரோடு ஆடி நாளும் வென்று மகிழ அவருக்கு வழி இருந்தது. அதைவிட்டு, வரும் பருவத்தில் தம்மை எதிர்க்கப் போகிறவர்களையே அழைத்து வந்து ஆடினார். அவர்கள் எப்பக்கம் சாய்கின்றனர், எந்த அசைவில் ஏமாறுகின்றனர் என்பதெல்லாம் பருவத்திற்கு முன்பே அவருக்குத் தெரிய வந்தன. தம் குறைகளும் அங்கேயே தெரிந்தன.

வயதுக்கேற்ப ஆட்டமுறையும் மாறியது. இளமையில் அவர் தடுப்போரைக் கடந்து வானில் தாவிக் கூடையை அடைந்தவர். திரும்பி வந்த காலத்திலோ, கூடைக்கு முதுகு காட்டி நின்று, சட்டெனத் திரும்பிப் பின்சாய்ந்து தாவி எறியும் முறையை அவர் பெரிதும் கையாண்டார். முன்னோக்கித் தாவும்போது தடுப்பவரின் உடலோடு மோத நேரிடும். அதற்கு இளமையின் வேகம் தேவை. பின்சாய்ந்து தாவும்போதோ, தடுப்பவரின் கைக்கும் பந்துக்கும் இடையே ஓர் இடைவெளி தானே உண்டாகிறது. உயரத்தால் கடந்ததை இடைவெளியால் கடப்பது என்று இதனைக் கூறலாம். ஆயினும் சாய்ந்த நிலையில் குறி தவறாதிருக்க உறுதியான கால்களும் ஆயிரக்கணக்கான முறை செய்து பழகிய கையும் வேண்டும். முதற் கணக்கு தீர்ந்தால்தான் இரண்டாம் கணக்கு தீரும்.

மூன்றாம் கணக்கு: அணி

கூடைப்பந்து ஐவர் ஆட்டம். ஒருவர் எவ்வளவு தேறினாலும் மற்ற நால்வர் தேறாவிடில் பயனில்லை. கிராண்ட் சென்றபின் கூடையருகே பந்தைக் கைப்பற்ற வல்லவர் புல்ஸ் அணியில் இல்லை. 1995 அக்டோபரில் வில் பெர்டியூ என்பவரைக் கொடுத்து டென்னிஸ் ராட்மனை அணியின் நிருவாகம் பெற்றது. முன்பு டெட்ராய்ட் அணியில் இருந்து புல்ஸ் வீரர்களை முரட்டுத்தனமாகத் தடுத்தவர் அவர். பழைய பகையை மறந்து ஜோர்டானும் ஸ்காட்டி பிப்பனும் அவரை ஏற்றனர். அப்பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 14.9 ரீபவுண்டு எடுத்துக் கழகத்திலேயே முதல்வராக ராட்மன் நின்றார்.

மற்றொரு சிக்கல் உள்ளுக்குள் இருந்தது. ஸ்டீவ் கெர், டோனி கூகோச், லூக் லாங்லி, ரான் ஹார்ப்பர் போன்றோர் ஜோர்டான் இல்லாத காலத்தில் அணிக்கு வந்தவர்கள். அவருடன் கோப்பை வென்றவர்கள் அல்லர். பயிற்சி முகாமில் ஜோர்டான் அவர்களை ஓயாமல் கடிந்தார், ஏளனமும் செய்தார். ஒருநாள் கெர் எதிர்த்து நின்றார். கைகலப்பு ஏற்பட்டு ஜோர்டான் கெரின் முகத்தில் குத்திவிட்டார். பயிற்றுநர் ஃபில் ஜாக்சன் ஜோர்டானை அன்றைய பயிற்சியிலிருந்து வெளியே அனுப்பினார். உலகப் புகழ் பெற்றவராயினும் விதி ஒன்றே என்பது அன்று நிலைநாட்டப்பட்டது. ஜோர்டான் தொலைபேசியில் கெரை அழைத்து மன்னிப்புக் கேட்டார்.

இதனைத் தலைமைப் பண்பு என்று நாம் புகழ வேண்டியதில்லை. தோழனை அடிப்பது எந்த ஆடுகளத்திலும் தவறே. ஆனால் தவறை அன்றே ஒப்புக்கொண்டதும், எதிர்த்து நின்றவரை மதிக்கத் தொடங்கியதும் கருதத்தக்கன. கெரின் தந்தையும் கொலையுண்டவர். பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த மால்கம் கெர், 1984இல் அங்கு சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரே வகைத் துயரைச் சுமந்த இருவர் ஒரே அணியில் இருந்தனர். 1997 இறுதிச் சுற்றின் ஆறாம் ஆட்டத்தில், வெற்றியைத் தீர்மானித்த தருணத்தில் ஜோர்டான் தாம் எறியாமல் பந்தைக் கெரிடம் கொடுத்தார். கெர் அதைக் கூடைக்குள் எறிந்தார். அந்த நம்பிக்கை 1995 அக்டோபரில் வேர்விட்டது எனலாம்.

விளைவு

நவம்பர் 3ஆம் நாள் சார்லட் அணியுடன் முதல் ஆட்டம். ஜோர்டான் 42 புள்ளிகள் எடுத்தார். அப்பருவத்தின் 82 ஆட்டங்களில் ஒன்றைக்கூட அவர் தவறவிடவில்லை. புல்ஸ் அணி 72 வென்று 10 மட்டுமே தோற்றது. 1971-72இல் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணி பெற்ற 69 வெற்றிகளே அதுவரை மிகுதியாக இருந்தன. களத்திலிருந்து அவர் எறிந்த பந்துகளில் கூடைக்குள் சென்றவை நூற்றுக்கு 49.5. ஓய்வுக்கு முந்தைய பருவத்தில் இருந்த அதே அளவு! இழந்தது முழுவதும் மீண்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஆர்லாண்டோ அணியை மீண்டும் சந்தித்தபோது நான்கு ஆட்டங்களையும் புல்ஸே வென்றது. இறுதிச் சுற்றில் சியாட்டில் அணியை வென்று 1996 ஜூன் 16ஆம் நாள் கோப்பையைப் பெற்றது. அன்று அமெரிக்காவில் தந்தையர் நாள். உடைமாற்றும் அறையில் பந்தைத் தழுவியபடி தரையில் கிடந்து ஜோர்டான் அழுதார். தந்தையின்றி அவர் பெற்ற முதற் கோப்பை அது.

இந்த 72 வெற்றி என்னும் சாதனையை 2015-16இல் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணி 73 வெற்றிகளால் கடந்தது. அவ்வணியின் பயிற்றுநர் வேறு யாருமல்லர். அதே ஸ்டீவ் கெர்.

இரண்டு ஐயங்கள்

'திரைப்பட நிறுவனமே ஆடுகளம் கட்டித் தரும் செல்வர்க்கு இது எளிது, நமக்கென்ன பயன்?' என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆனால் முந்திய மே மாதத்திலும் அவருக்கு வசதிக்குக் குறைவில்லை. சிறந்த அரங்கும், சிறந்த பயிற்றுநரும் இருந்தும் தோற்றார். கூடாரம் உதவியது, காரணம் அதுவன்று.

'உழைத்தால் எவரும் வெல்லலாம் என்பதுதானே முடிவு?' என மற்றொருவர் கேட்கலாம். அதுவும் முழு உண்மையன்று. பேஸ்பாலிலும் அவர் கடுமையாகவே உழைத்தார். உழைத்தும் .202க்கு மேல் ஏற இயலவில்லை. உழைப்பு ஒன்றே போதுமென்றால் அங்கும் வென்றிருக்க வேண்டும். கூடைப்பந்தில் எங்கே குறை என்பதை அவரால் பிரித்துப் பார்க்க முடிந்தது. உடலில் இவ்வளவு, ஆட்டமுறையில் இவ்வளவு, அணியில் இவ்வளவு என்று கணக்கிட்டு, ஒவ்வொன்றுக்கும் உரிய மருந்தைத் தேட முடிந்தது. பல்லாண்டுப் பழக்கம் தந்த அறிவு அது. குறை தெரிந்த இடத்தில் விழும் உழைப்பே விளைச்சல் தருகிறது.

முடிவுரை

தேர்வு முடிவு வந்த நாளில் நாமும் ஒருவகையில் அந்த மே மாதத்து ஆட்டக்காரரே. தவறிய பாடத்திற்கு வினாத்தாளையும், திருத்தியவரையும், விதியையும் நோவது எளிது. புதிய நோட்டு வாங்கி முதல் பக்கத்தில் அழகாகப் பெயர் எழுதிப் புத்தாண்டைத் தொடங்குவதும் எளிது. அது சட்டை எண்ணை மாற்றுவது போன்றது. இரண்டாம் ஆட்டத்தை வெல்லத் துணைசெய்யலாம். ஆறாம் ஆட்டம் வரை வாராது.

பழைய வினாத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு, எந்த வினாவில் எவ்வளவு போயிற்று, படிக்காததால் போயிற்றா, படித்தும் எழுதப் பழகாததால் போயிற்றா என்று தனித்தனியே குறித்துப் பார்ப்பது கடினம். நம்மினும் நன்கு படிக்கும் நண்பனோடு அமர்ந்து, நம் அறியாமை அவன்முன் வெளிப்பட நேர்வது அதனினும் கடினம். இரண்டையும் கோடை விடுமுறையிலேயே செய்தவருக்குக் கல்லூரி மணி அடிக்கும் நாளில் பருவம் பாதி கடந்திருக்கும்.